பழைய கணினியும் மீட்புப் பகுதியும்

அறுவடை முடிந்து நெல் களம் சேர்ந்தவுடன் உழவர் செய்யும் முதற்செயல் விதைநெல்லைப் பிரித்து வைத்தலேயாம். உண்ணும் நெல் குதிரிற் கிடக்கும். விதைநெல்லோ வைக்கோற் புரியாற் கோட்டை கட்டப்பெற்றுத் தனியே காக்கப்படும். வறுமை வந்துற்ற காலத்தும் அதனைக் குற்றி உண்ண மனந் துணியார். ஆயினும், எத்துணைப் போற்றிக் காப்பினும், அவ்விதையை ஆண்டுதோறும் விதைத்துப் புதுவிதை கொள்வரேயன்றிப் பன்னீராண்டு கிடந்த கோட்டையை நம்பி நிலத்தை உழுவார் ஒருவரும் இலர். காப்பதற்கென வைத்த பொருளும் காலந்தோறும் புதுக்கப்படாவிடின் காவாது என்னும் இவ்வுண்மையை எழுத்தறியாத உழவரும் அறிவர். கல்லூரியில் அமர்ந்து கணினியைக் கையாளும் யாம் அதனை அறிந்திலோம். அறியாமையால் யாம் எய்திய இழப்பும், அதனாற் பிறந்த கருத்தும் ஈண்டு எழுதப்படுகின்றன.

மீட்புப் பகுதி என்பது யாதெனச் சிறிது விளக்குதல் முறையாகும். மேசைக் கணினியின் வன்தட்டு புறத்தே ஒரு சிறு பெட்டியாய்த் தோன்றினும், அகத்தே வயல்போல வரப்பிடப்பெற்றுப் பல பகுதிகளாய் நிற்பது. ஒரு பகுதியிற் கணினியைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் உள்ளன. ‘சி’ என யாவரும் அழைக்கும் பெரும் பகுதியில் இயக்குதளமும் நாம் எழுதிச் சேர்த்தனவும் உள்ளன. இவற்றின் வேறாய், எழுத்துப் பெயரும் பெறாமல், பயன்கொள்வார் கண்ணிற் படாமல் ஒதுங்கிக் கிடக்கும் பகுதியே மீட்புப் பகுதியாம். இயக்குதளம் பழுதுற்றுக் கணினி எழ மறுக்கும் நாளில் அதனை எழுப்புதற்கென வைக்கப்பட்டது அது.

பழைய மேசைக் கணினிகளில் இப்பகுதி இருவகைப்படும். ஒன்று, கணினியை ஆக்கி விற்றோர் வைத்தது. முன்னாளிற் கணினி வாங்குவோர்க்கு இயக்குதளம் அடங்கிய குறுந்தகடுகளையும் உடன் வழங்கினர். பின்னர்ச் செலவு கருதி அத்தகடுகளை நிறுத்தி, விற்கும் நாளில் இருந்தவாறே இயக்குதளம் முழுவதையும் படியெடுத்து வன்தட்டின் ஒரு மூலையில் வைத்தனர். இது பல கிகாபைட் அளவினது. மற்றொன்று, விண்டோஸ் இயக்குதளம் தனக்கென வைத்துக்கொள்வது. இது சில நூறு மெகாபைட் அளவினதாய், பழுதுபார்க்கும் கருவிகள் மட்டும் உடையது. முன்னதைப் பண்டகசாலை என்றும், பின்னதை மருத்துவனது கைப்பை என்றும் கொள்க. இரண்டற்கும் ‘மீட்பு’ என்பதே பெயர். இப்பெயர் ஒற்றுமையே எம்மைக் கெடுத்தது.

எம் தமிழ்த்துறை அறையில் 2012ஆம் ஆண்டு வாங்கப்பெற்ற மேசைக் கணினி ஒன்று உளது. வரும்பொழுது விண்டோஸ் 7 உடையதாய் வந்தது. 2016ஆம் ஆண்டில், கட்டணமின்றி உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு இருந்த காலத்தே, விண்டோஸ் 10 ஆக உயர்த்தப்பட்டது. எம் முன்னோராகிய மாணவர் 2022ஆம் ஆண்டு தொடங்கி, கடற்கரைச் சிற்றூர்களிலும் பனையேறிகள் வாழும் ஊர்களிலும் வழங்கும் சொற்களைத் திரட்டி அக்கணினியிற் பதிந்து வந்தனர். அவர் விட்டுச்சென்ற பணியை யாம் மேற்கொண்டோம். ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள், அவற்றின் பொருள், வழங்கும் இடம், சொன்னவர் அகவை, சிலவற்றுக்கு ஒலிப்பதிவு என அஃது ஒரு சிற்றகராதியாய் வளர்ந்தது.

2024ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை பெருமழை பெய்தது. கணினி ஏதோ ஒரு புதுப்பிப்பை ஏற்றிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை கணினி எழவில்லை. தானே பழுதுபார்க்க முயன்று, இயலவில்லை என்று திரையில் அறிவித்து, அவ்வளவில் நின்றது. எம்முள் ஒருவர்க்குப் பெட்டியின் பக்கத்தே ஒட்டப்பெற்ற பழைய சீட்டு நினைவுக்கு வந்தது. கணினி எழாவிடின் தொடங்கும்பொழுது இன்ன விசையை அழுத்துக. மீட்பு நிகழும் என்பது அதிற் கண்ட செய்தி. அழுத்தினோம். கணினியை முதல்நிலைக்குக் கொணர்க என்றொரு வழியும், விலகுக என்றொரு வழியும் திரையிற் காட்டப்பட்டன. கேடு நேர்வதற்கு முன்னிருந்த நிலையையே முதல்நிலை என்று யாம் கருதினோம். எச்சரிக்கை ஒன்றும் அடியிற் சிற்றெழுத்திற் காணப்பட்டது. அதனை முற்றும் படித்தோமல்லோம். உடன்பட்டோம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கணினி எழுந்தது. எம் மகிழ்ச்சி அரை நிமிடமும் நிலைக்கவில்லை. விண்டோஸ் 7-இன் வரவேற்புத் திரை தோன்றிப் பெயர் யாது என எம்மை வினவிற்று. 2012ஆம் ஆண்டில் அப்பெட்டியைத் திறந்தவர் கண்ட அதே திரை அது. விண்டோஸ் 10 இல்லை; அகராதி இல்லை; ஒலிப்பதிவுகள் இல்லை. அப்பொழுதேனும் கணினியை நிறுத்தியிருத்தல் வேண்டும். யாமோ, எங்கேனும் ஒளிந்திருக்கும் என்று எண்ணி, அரைநாள் முழுவதும் அதிலேயே தேடினோம். கணினித்துறை ஆய்வுக்கூடத்து உதவியாளராகிய அண்ணனை அழைத்தது மாலையிலே. “தம்பிகளா, காலையிலேயே நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்குமே!” என்றார் அவர். அழிந்த கோப்புகள் இருந்த இடத்திற் புதியன எழுதப்படும் வரையில் அவற்றை ஓரளவு தேடி எடுத்தல் கூடும் என்பதும், யாம் தேடிய தேட்டமே அவ்விடங்களை நிரப்பிக்கொண்டிருந்தது என்பதும் அன்று அறிந்தோம். அவர் இரண்டு நாள் முயன்று எடுத்துத் தந்தவை பெயரிழந்த சில துணுக்குகளே.

மீட்பு என்னும் சொல்லை யாம் அதன்பின்னரே எண்ணிப் பார்த்தோம். தமிழ் பயில்வோர்க்கு இச்சொல் புதிதன்று. பகைவர் கவர்ந்துசென்ற ஆனிரையைப் பொருது மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைத் திணையில் வைத்துக் கூறுகின்றது. ஆண்டு மீட்கப்படுவன யாவை? இழந்த ஆக்களே, கன்றுகள் தாயறியும் ஆக்களே. எம் கணினி செய்த மீட்பிலோ ஆக்கள் மீளவில்லை. ஆக்கள் வந்து புகுமுன் இருந்த வெறுந்தொழுவமே மீண்டது. அதுவும் இப்பொழுது நிற்கும் தொழுவம் அன்று; பன்னீராண்டுக்கு முன்னர்க் கட்டிக் கைவிடப்பட்ட தொழுவம். இதனை ‘அழித்துத் தொடங்கல்’ என்று பெயரிட்டிருப்பின் யாம் அவ்விசையைத் தொட்டிருப்போமோ? அருள்நிறைந்த ஒரு சொல்லால் அழிவுச் செயலொன்றைக் குறித்தல் பிழை என்பது எம் முதற் கருத்து.

எனினும், முழுப்பழியையும் பெட்டி ஆக்கியோர் தலையில் ஏற்றுதல் நேர்மை ஆகாது. அவர் 2012ஆம் ஆண்டில் வைத்தது 2012ஆம் ஆண்டிற்குப் பொருந்துவதே. இடையிற் கணினியை மாற்றியோர் நம்மவர். மாற்றியபின் மீட்புப் பகுதியை மாற்றாது விட்டோரும் நம்மவர். வீட்டின் பூட்டை மாற்றிவிட்டுப் பழைய பூட்டின் திறவுகோலையே மாடத்திற் காத்து வைத்தாற் போன்றது இச்செயல். இயங்கும் இயக்குதளம் ஒன்று, மீட்புப் பகுதியில் உறங்கும் இயக்குதளம் வேறொன்று என்றிருக்கும் கணினிகள் பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் உள்ளன என்பதில் எமக்கு ஐயமில்லை. எம் கல்லூரியிலேயே ஐந்து கணினிகளைப் பின்னர் அந்நிலையிற் கண்டோம்.

இனி, பழைய படி ஏன் பயன்படாது என்பதனை நோக்குவோம். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009ஆம் ஆண்டு; அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாளோடு நின்றன. குரோம் உலாவியும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. எனவே, அப்படியைக் கொண்டு கணினியை எழுப்பினும், எழுந்த கணினி இணையத்தில் உலவத்தக்கது ஆகாது. மற்றொன்றும் உண்டு. விண்டோஸ் 10 தன்னைத்தான் மீள அமைத்துக்கொள்ளத் தனிப்படி ஒன்றை நாடுவதில்லை. ‘சி’ பகுதியில் உள்ள தன் கோப்புகளைக் கொண்டே தன்னைப் புதுக்கிக்கொள்ளும். நம் கோப்புகளை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்றும் நம்மை வினவும். அதற்கு வேண்டுவது மருத்துவனது கைப்பையாகிய சிறு மீட்புப் பகுதி மட்டுமே. ஆகவே, பழைய பண்டகசாலை பயனின்றி இடத்தை அடைப்பதோடு, அறியாதார் கையிற் கேடும் விளைக்கின்றது.

அச்சிறு பகுதியும் பழமையாற் கெடுதல் உண்டு. 2024ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கென ‘கேபி 5034441’ என்னும் திருத்தத்தை வெளியிட்டது. கணினியைக் கையில் பெற்ற ஒருவன் மீட்புச் சூழலின் வழியே புகுந்து, பிட்லாக்கர் என்னும் மறையாக்கக் காவலைத் தாண்டுதற்கு இடமிருந்தமையால், அவ்வழியை அடைப்பதே அதன் நோக்கம். அத்திருத்தம் ஏறுதற்கு மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் வெற்றிடம் வேண்டியிருந்தது. முன்னாளில் அமைக்கப்பெற்ற பகுதிகள் பலவற்றில் அவ்விடம் இல்லை. ஆதலாற் பலருடைய கணினிகளில் அது பிழை காட்டி நின்றது. பகுதியைக் கையாற் பெரிதாக்கும் முறையை அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது. இதனைத் தானாகச் செய்யும் வழி வாராது என்றும் அவ்வாண்டிலேயே தெரிவித்தது. உலகெங்கும் உள்ள எளிய பயனர் பலர், தம் வன்தட்டின் வரப்புகளைத் தாமே வெட்டித் திருத்தவேண்டிய நிலை அன்று நேர்ந்தது. மீட்புப் பகுதி என்பது வல்லுநர்க்கு மட்டும் உரிய மறைபொருள் என்று எண்ணியிருந்தார்க்கு அஃது ஒரு பாடமாயிற்று.

பழுதுபட்ட இப்பகுதியைத் திருத்தும் முறையை, அண்ணன் அருகிருந்து கற்பிக்க, யாமே எம் கணினியிற் செய்து முடித்தோம். அதன் ஒழுங்கைச் சுருங்கக் கூறுதும்; ஏனெனில், ஒழுங்கு பிறழின் கேடு முன்னையினும் பெரிதாகும்.

முதற்கண், கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டிற் படியெடுத்தல். கணினி எழாத நிலையிலும் இது கூடும் என்பதனை யாவரும் அறிதல் வேண்டும். பென் டிரைவிலிருந்தே இயங்கவல்ல லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியை எழுப்பினால், கெட்ட இயக்குதளத்தைத் தொடாமலே நம் கோப்புகளைக் காணலாம், எடுக்கலாம். அன்றேல், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தும் எடுக்கலாம். அந்த ஐப்பசிக் காலையில் இஃதொன்றை அறிந்திருப்பின் எம் அகராதி இன்று இருக்கும்.

இரண்டாவதாக, விண்டோஸ் 10-ஐ நிறுவும் பென் டிரைவ் ஒன்றை ஆக்கி, அதனைக் கொண்டு இயக்குதளத்தை மீள நிறுவினோம். இதற்கு 8 கிகாபைட் அளவுள்ள பென் டிரைவ் போதும்.

மூன்றாவதாக, வன்தட்டின் நில அளவையைப் பார்த்தோம். பழைய கணினியாதலின் எம் தட்டு ‘எம்பிஆர்’ என்னும் பழைய முறையிற் பகுக்கப்பட்டிருந்தது. அம்முறையில் முதன்மைப் பகுதிகள் நான்கிற்கு மேல் அமைதல் இயலாது. எம் தட்டிலோ தொடக்கப் பகுதி ஒன்று, ‘சி’ ஒன்று, துறையினர் பின்னர்ப் பிரித்த ‘டி’ ஒன்று, பண்டகசாலை ஒன்று என நான்கும் நிரம்பியிருந்தன. ஆதலின் விண்டோஸ் 10 தன் கைப்பையை வைத்தற்குத் தனியிடம் இன்றிச் ‘சி’ பகுதிக்குள்ளேயே அதனை வைத்துக்கொண்டிருந்தது. புதிய ‘ஜிபிடி’ முறையில் இந்நெருக்கடி இல்லை.

நான்காவதாக, மீட்புச் சூழல் இயங்குநிலையில் உளதா, எப்பகுதியில் உளது என்பதனை வினவி அறிதல். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து ‘ரீஏஜென்ட்சி’ என்னும் கட்டளையை ‘இன்ஃபோ’ என்னும் குறிப்போடு தந்தால், கணினியே விடை கூறும். பின்னர் அதே கட்டளையை ‘டிஸேபிள்’ என்னும் குறிப்போடு தந்து, மீட்புச் சூழலை நிறுத்திவைத்தல் வேண்டும். அவ்வாறு நிறுத்தும்பொழுது அதன் கோப்பு விண்டோஸ் அடைவிற்குத் திரும்பிவரும். இதனைச் செய்யாமற் பகுதியை அழித்தால், மீட்புக் கோப்பும் அதனோடு அழியும். பின்னர் நிறுவுதட்டிலிருந்து அதனைத் தேடி எடுக்க நேரும். கட்டிடத்தை இடிக்குமுன் உள்ளிருப்பாரை வெளியேற்றுதல் போன்றது இது.

ஐந்தாவதாக, ‘டிஸ்க்பார்ட்’ என்னும் கருவியால் பழைய பகுதியை நீக்குதல். இக்கருவி இரக்கமற்றது, தேர்ந்த பகுதியை மறுவினா இன்றி அழிக்கும். ஆதலின் பகுதியின் எண்ணையும் அளவையும் இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட்ட பின்னரே ஆணையிடுதல் வேண்டும். எம்முள் ஒருவர் படிக்க, மற்றொருவர் தாளில் எழுதி, மூன்றாமவர் ஒத்துப் பார்த்தோம். ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்த ஒப்புநோக்கு என்னும் பழந்தொழில் ஈண்டும் உதவிற்று. நீக்குமுன் அப்பண்டகசாலையையும் வெளித்தட்டொன்றிற் படியெடுத்து, ‘2012, விண்டோஸ் 7’ என்று சீட்டு ஒட்டி வைத்தோம். பழையது பயனற்றதென்று உறுதியாகத் தெரிந்தாலும், அழித்தலுக்கு முன் ஒரு படி வைத்தல் நன்று என்பதை இழந்தபின் கற்றவர் யாம்.

ஆறாவதாக, ‘சி’ பகுதிக்கு அடுத்து வலப்பக்கத்தே ஒரு கிகாபைட் அளவிற் புதிய பகுதியை அமைத்து, மீட்புப் பகுதி எனக் கணினி அறிதற்குரிய வகை எண்ணை இட்டோம். எம்பிஆர் முறையில் அவ்வெண் 27 ஆகும். அடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தே இடம் போதாதாயின், ‘சி’ பகுதியைச் சிறிது சுருக்கி அதனை விரித்துக்கொள்ளலாம். தட்டின் முன்னே வைத்தாலோ, இடையே வேறு பகுதி நின்றாலோ, அவ்வசதி கிட்டாது. இறுதியில் ‘ரீஏஜென்ட்சி’ கட்டளையை ‘எனேபிள்’ என்னும் குறிப்போடு தந்து, மீண்டும் ‘இன்ஃபோ’ கேட்டு, புதிய இடத்தில் இயங்குநிலையில் உளது என்னும் விடையைப் பெற்றோம். அவ்விடையோடும் அமையாமல், கணினியை மீட்புச் சூழலில் ஒருமுறை எழுப்பிக் கண்ணாரக் கண்டோம். கண்டபின்னரே பணி முடிந்தது எனக் கொண்டோம்.

இவ்வளவும் இரண்டு பிற்பகல்களிற் செய்யத்தக்க வேலை. நாலாயிரம் சொற்களைத் திரட்ட எடுத்த காலமோ ஈராண்டு.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறக்கூடும். “இவை தொழில்வல்லார் செய்யவேண்டியவை, தமிழ் மாணவர்க்கு ஏன் இவ்வேலை?” என்பது முதல் மறுப்பு. வல்லார் செய்க, அதனை யாம் தடுத்தோமல்லோம். ஆனால், கணினி கெட்ட காலை அதன்முன் அமர்ந்திருந்தவர் வல்லார் அல்லர், யாமே. ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழிந்தமைக்குக் கறையானை மட்டுமே குறைகூறுதல் ஆகுமோ? பரணில் ஏற்றிவைத்துப் பல்லாண்டு பிரித்துப் பாராதவர்க்கும் அதிற் பங்குண்டு. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும், அவ்வாண்டிலேயே சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியதும், யாரோ ஊர்தோறும் இருந்து ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதி வைத்தமையால் அன்றோ? பெயர்த்தெழுதினோர் எல்லாரும் பெரும்புலவர் அல்லர். தம் கையிலிருப்பது யாது என்று அறிந்தோர், அவ்வளவே. தமிழ் மாணவர்க்கு இவ்வேலை புறம்பானது அன்று. நம் குலத்தொழில் என்றே கூறலாம்.

“பழங்கணினியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குக” என்பது இரண்டாம் மறுப்பு. விண்டோஸ் 10-க்கு உரிய பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது என்பதும், விண்டோஸ் 11 வேண்டும் ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு எம் 2012ஆம் ஆண்டுப் பெட்டியில் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும், தட்டெழுதவும், நூற்பட்டி காக்கவும், இணையத்தொடர்பின்றிச் சொற்களைப் பதியவும் அப்பெட்டி இன்றும் போதும். லினக்ஸ் நிறுவிக்கொண்டால் அதற்கு மேலும் ஆயுள் உண்டு. பணமுடையோர் புதியது வாங்குக. ஆனால் ஒன்று: புதியதும் ஒருநாட் பழையதாகும். பழையதைப் பேணக் கல்லாதவர், புதியதையும் பன்னீராண்டு கழித்து இவ்வாறே இழப்பர். எவ்வியக்குதளம் இயங்கினும், அதற்குப் பொருந்திய மீட்பே பக்கத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விதி மாறாது.

“எல்லாம் இணையக் கிடங்கிற் சேமிக்கும் காலமன்றோ இது?” என்பது மூன்றாம் மறுப்பு. சேமித்தால் நன்று; யாமும் இப்பொழுது சேமிக்கின்றோம். ஆயினும், இணையக் கிடங்கு நம் கோப்பைக் காக்குமேயன்றி எழாத கணினியை எழுப்பாது. அன்றியும், ஒத்திசைந்து இயங்கும் கிடங்குகளில், ஈண்டு அழித்தது ஆண்டும் அழியும். கோப்புக்குப் படி வேண்டும். கணினிக்கு மீட்பு வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கியதே யாம் செய்த பிழை.

ஆகலின், எம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் மாணவ நண்பர்க்கும் யாம் பணிவுடன் கூறும் கருத்துகள் சில உள. ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு முன்னர்க் கல்லூரியின் ஒவ்வொரு கணினியிலும் மீட்புப் பகுதி சோதிக்கப்படல் வேண்டும். சோதித்த நாளைப் பெட்டியின்மேற் சீட்டில் எழுதி ஒட்டுதல் வேண்டும். இயக்குதளம் மாற்றப்பெற்ற கணினியில் ஆக்கியோர் ஒட்டிய பழைய சீட்டு அன்றே கிழிக்கப்படல் வேண்டும். துறைக்கு ஒரு மீட்பு பென் டிரைவ் ஆக்கி வைத்தல் வேண்டும். அதனையும் ஆண்டுக்கொருமுறை புதிதாய் ஆக்கிக்கொள்க என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தரும் அறிவுரை. துறைக்கு இருவர் இத்தொழில் அறிந்திருத்தல் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் கீழ் வகுப்பினராய் இருத்தல் வேண்டும், மேலவர் படிப்பு முடித்துச் செல்லுங்கால் அறிவும் உடன் சென்றுவிடாதபடி. அரிய கோப்பு எதுவாயினும் மும்மடிப் படியாய், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு சில பென் டிரைவ்களின் விலையே. மற்றவெல்லாம் கவனத்தாற் பெறுவன.

கல்லூரியை நீங்கிப் பல ஊர்களில் அலுவல் புரியும் பழைய மாணவர்களையும் வேண்டுகின்றோம். உங்கள் பள்ளியிலும் அலுவலகத்திலும் வீட்டின் மூலையிலும் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கக்கூடும். அதில் உங்கள் பிள்ளைகளின் ஒளிப்படங்களும், பெற்றோரின் குரலும் இருக்கக்கூடும். அதன் மீட்புப் பகுதியில் உறங்குவது யாது என்று, அஃது எழும் நாளிலேயே, ஒருமுறை எழுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டபின் பார்த்தற்கு அது விடை கூறும் விதம் கொடியது.

எம் அகராதியின் நிலையைக் கூறி முடிப்போம். சொற்களைத் திரட்டிய நாட்களிற் கையால் எழுதிய குறிப்பேடுகள் சில எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டும், ஊர்களுக்கு மீண்டும் சென்றும், ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு சொற்களை மீளப் பதிந்துவிட்டோம். பனையேறிகள் எம்மை முன்னையினும் அன்போடு வரவேற்றுச் சொன்னவற்றையே சலியாது மீண்டும் சொன்னார்கள். கடற்கரையில் அவ்வாறு நிகழவில்லை. கட்டுமரமேறிய முதியவர் ஒருவர் காற்றின் பெயர்களை எமக்குக் கூறியிருந்தார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நாற்றிசைக் காற்றுகளுக்கு அவர் கூறிய பெயர்கள் வேறிடத்தும் வழங்குவன. ஆதலின் அவை தப்பின. அவற்றின் இடைப்பட்ட காற்றுகளுக்கும், அவை திரும்பும் பருவங்களுக்கும் அவர் கூறிய பெயர்களோ அவ்வொலிப்பதிவில் மட்டுமே இருந்தன. யாம் மீண்டும் சென்றபொழுது அவர் இல்லை. அவருடைய மக்கள் இயந்திரப் படகு ஓட்டுகின்றனர், அப்பெயர்களை அறியார்.

எம் கணினியின் வன்தட்டில் இப்பொழுது பழுதற்ற மீட்புப் பகுதி ஒன்று உளது. சென்ற திங்களிலும் அதனைச் சோதித்து நாளைக் குறித்தோம். பின்வரும் மாணவரும் அங்ஙனமே குறிப்பாராக.